கடைக்காரரே, கேட்டவருக்குக் கடிதம் எழுதுங்கள்!

எங்கள் வீட்டில் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கிறது. அது என் தாத்தாவின் பெட்டி.

பெட்டிக்குள் நிலப் பத்திரம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு தபால் கார்டும் இருக்கிறது.

அதை எழுதியவர் உறவினர் அல்ல. ஒரு ஜவுளிக்கடைக்காரர்!

"மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று சொன்னீர்கள். கூறைப் புடவைகள் வந்திருக்கின்றன. ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்."

இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. கீழே கடைக்காரரின் கையெழுத்து.

அந்தக் கடைக்காரர் இப்போது இல்லை. தாத்தாவும் இல்லை. கார்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது!

தாத்தா அதை ஏன் எடுத்து வைத்தார்?

எப்போதோ கடையில் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு செய்தி. அதைக் கடைக்காரர் ஞாபகம் வைத்திருந்தார். சமயம் பார்த்து எழுதினார். தாத்தாவுக்கு அதில் ஒரு சந்தோஷம். கல்யாணத் துணி முழுவதையும் அந்தக் கடையில்தான் எடுத்தார்களாம்.

இனி என் கதையைக் கேளுங்கள்.

சில மாதங்களுக்கு முன் நான் ஒரு கடையில் சட்டை வாங்கினேன். பில் போடும் இடத்தில் இருந்த பையன், "சார், உங்கள் இ-மெயில் விலாசம் சொல்லுங்கள்" என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஒரு கடிதம் வந்தது. "தள்ளுபடி! இன்றே கடைசி நாள்!" என்று இருந்தது. அதற்கு மறுநாளும் கடிதம் வந்தது. அன்றும், "இன்றே கடைசி நாள்!" ஒரு மாதம் முழுவதும், தினந்தோறும் கடைசி நாள்தான்!

நிறுத்தச் சொல்லலாம் என்று வழி தேடினேன். கிடைக்கவில்லை. பதில் எழுதினேன். "இந்த விலாசத்துக்குப் பதில் எழுத முடியாது" என்று திரும்பி வந்தது.

கடைசியில் என்ன செய்தேன்? அந்தக் கடைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்!

இரண்டு பேரும் வியாபாரிகள். இரண்டு பேரும் கடிதம்தான் எழுதினார்கள். ஒருவர் வாடிக்கையைத் தேடிக்கொண்டார். இன்னொருவர் இருந்த வாடிக்கையையும் இழந்தார்.

சிறு வியாபாரிகள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

யாருக்கு வேண்டும்?

இ-மெயில் என்பது கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் வரும் கடிதம். மின்னஞ்சல் என்றும் சொல்கிறோம்.

எல்லாக் கடைக்கும் இது வேண்டியதில்லை. தெருமுனையில் ஒரு டீக்கடை. வாடிக்கைக்காரர் தினமும் இரண்டு வேளை வருகிறார். அவருக்குக் கடிதம் எதற்கு? நல்ல டீ போதும்!

ஆனால், வாங்குகிறவர் வேறு ஊரில் இருந்தால்? வருஷத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவைதான் வாங்குகிறவர் என்றால்? அங்கேதான் இ-மெயில் கைகொடுக்கும்.

காஞ்சீபுரத்துப் பட்டு நெசவாளி, சுவாமிமலைச் சிற்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்காரர், சென்னிமலைப் போர்வை வியாபாரி... இவர்கள் சரக்கை வாங்குகிறவர்கள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாயை எடுத்துக்கொள்வோம். கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலை. அதோடு வெல்லப்பாகு. சாப்பிட்டவர்களுக்கு அந்த ருசி தெரியும். 2020-ம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 'இது இந்த ஊர்ச் சரக்கு' என்று அரசாங்கம் கொடுக்கும் அத்தாட்சி அது.

அங்கே ஓர் அண்ணாச்சி கடலை மிட்டாய்க் கடை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வோம்.

வெளியூர் போகிறவர்கள் இறங்கி வாங்குகிறார்கள். சென்னைக்குப் போகிறார்கள். மும்பைக்குப் போகிறார்கள். ஒரு வாரத்தில் மிட்டாய் தீர்ந்துவிடுகிறது. பிள்ளைகள் மறுபடியும் கேட்கின்றன. ஆனால், கடையின் பெயர் மறந்துவிட்டது! பக்கத்துக் கடையில் கிடைத்த ஏதோ ஒரு மிட்டாயை வாங்கிக் கொடுக்கிறார்கள்.

அண்ணாச்சி ஒரு நல்ல வாடிக்கையை இழந்துவிட்டார். இழந்தது அவருக்கே தெரியாது!

அந்த மனிதரின் விலாசம் அண்ணாச்சியிடம் இருந்திருந்தால்?

வாடகை வீடும் சொந்த வீடும்

"அதற்குத்தான் வாட்ஸ்-அப் இருக்கிறதே! பேஸ்புக் இருக்கிறதே! இன்ஸ்டாகிராம் இருக்கிறதே!" என்று கேட்பீர்கள்.

இருக்கின்றன. உபயோகப்படுத்துங்கள். அவசரச் செய்திக்கு வாட்ஸ்-அப்பே மேல். ஆனால், அவை எல்லாம் வாடகை வீடு. வீட்டுக்காரர் எந்த நேரத்தில் என்ன சொல்வார் என்று நமக்குத் தெரியாது.

2020 ஜூன் 29-ந் தேதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. தடை சரியா, தப்பா என்பது வேறு விஷயம். டிக்டாக்கை நம்பி ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே ராத்திரியில் இழந்தார்கள். "இனி இந்த இடத்துக்கு வாருங்கள்" என்று சொல்லக்கூட அவர்களிடம் விலாசம் இல்லை!

2021 அக்டோபர் 4-ந் தேதி இன்னொரு சங்கதி நடந்தது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்-அப் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகம் முழுவதும் நின்றுபோயின. அவற்றை மட்டும் நம்பிய கடைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இ-மெயில் விலாசங்கள் எழுதிய நோட்டு அப்படி அல்ல. அது உங்கள் சொந்த வீடு. கடிதம் அனுப்பித்தரும் கம்பெனி பிடிக்கவில்லையா? நோட்டை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போகலாம். வாடிக்கைக்காரர்கள் உங்களோடு வருவார்கள்.

சொந்த வீடு என்றேன். ஆனால், அந்த நோட்டில் இருக்கும் விலாசங்கள் உங்களுடையவை அல்ல. உங்களை நம்பி ஒப்படைத்தவை. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தச் சாவியை எப்படி வைத்திருப்போமோ, அப்படி வைத்திருக்க வேண்டும்.

இதை மறந்தவர்கள்தான் இ-மெயிலின் பெயரைக் கெடுத்தார்கள். அது எப்போது தொடங்கியது தெரியுமா?

முதல் தப்பு

1978-ம் ஆண்டு, மே மாதம். இன்றைய இண்டர்நெட்டுக்கு முன்னோடியாக, அமெரிக்காவில் 'அர்ப்பாநெட்' என்ற கம்ப்யூட்டர் இணைப்பு இருந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் அதில் கடிதம் எழுதிக்கொள்வார்கள்.

கேரி துர்க் என்பவர் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தார். "புதிய கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. பார்க்க வாருங்கள்" என்று சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். அவர்களில் யாரும் அவரிடம் கேட்கவில்லை!

பலருக்குக் கோபம் வந்தது. புகார் கிளம்பியது. இனி இப்படிச் செய்யக்கூடாது என்று கண்டித்தார்கள். ஆனால், அந்தக் கடிதத்தால் நல்ல வியாபாரம் நடந்தது என்று அவர் பிற்காலத்தில் சொன்னார்.

"அப்படியானால், கேட்காமல் அனுப்பினாலும் லாபம்தானே!" என்று நினைத்துவிடாதீர்கள். அன்று அவர் ஒருவர்தான் அதைச் செய்தார். புதுமையாக இருந்தது. இன்று உலகமே செய்கிறது. சந்தையில் ஒருவர் கூவினால் திரும்பிப் பார்ப்போம். எல்லோரும் கூவினால் காதைப் பொத்திக்கொள்வோம்.

கேட்காமல் வந்து குவியும் கடிதத்துக்கு 'ஸ்பாம்' என்று பெயர். ஸ்பாம் என்பது டப்பாவில் அடைத்து விற்கும் ஒரு இறைச்சியின் பெயர். 1970-ல் இங்கிலாந்து டெலிவிஷனில் 'மாண்டி பைத்தான்' என்ற குழுவினர் ஒரு நகைச்சுவைக் காட்சி நடித்தார்கள். ஓட்டலில் எதைக் கேட்டாலும் அதில் ஸ்பாம் இருக்கும். வேண்டாம் என்று கத்தினாலும் இருக்கும்! அந்தப் பெயர்தான் இந்தக் கடிதங்களுக்கு ஒட்டிக்கொண்டது.

உங்கள் கடையின் பெயருக்கு அந்தக் கதி வரலாமா?

கேட்டு வாங்குங்கள்

அண்ணாச்சி செய்ய வேண்டியது என்ன?

கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைக்க வேண்டும். அதன் மேல் ஒரு அட்டை.

"மாதம் ஒரு கடிதம் எழுதுவோம். புதுச் சரக்கு, விலை, பார்சல் விவரம் அதில் இருக்கும். விருப்பம் உள்ளவர்கள் விலாசம் எழுதுங்கள். எப்போது வேண்டாம் என்றாலும் நிறுத்திவிடுவோம்."

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. என்ன எழுதுவோம்? எத்தனை தடவை எழுதுவோம்? நிறுத்த முடியுமா? மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அப்புறம் சண்டைக்கு இடமில்லை.

விலாசத்தை வாடிக்கைக்காரரே எழுதட்டும். ஓர் எழுத்து மாறினாலும் கடிதம் போய்ச் சேராது. அன்று இரவே ஒரு சிறு கடிதம் அனுப்பிவிடுங்கள். "கடைக்கு வந்ததற்கு நன்றி" என்று இரண்டு வரி. முகம் ஞாபகத்தில் இருக்கும்போதே கடையின் பெயரும் மனதில் பதிந்துவிடும்.

சிலர் உங்களிடம் வருவார்கள். "பத்தாயிரம் விலாசம் தருகிறேன். விலை கொஞ்சம்தான்" என்பார்கள்.

வாங்காதீர்கள்! அந்தப் பத்தாயிரம் பேர் உங்கள் கடையைப் பார்த்ததில்லை. உங்கள் மிட்டாயை ருசித்ததில்லை. அவர்கள் விலாசத்தை யாரோ விற்றிருக்கிறார்கள். விற்றதும் தப்பு. வாங்குவதும் தப்பு. கேட்டுச் சேர்த்த 200 விலாசம், விலைக்கு வாங்கிய பத்தாயிரத்தை விட மேல்.

தபால் கார்டில் இல்லாத சோதனை

தபால் கார்டைப் பெட்டியில் போட்டால் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். இ-மெயில் அப்படி அல்ல. இடையில் ஒரு காவல்காரர் இருக்கிறார். 'இது நல்ல கடிதமா, குப்பையா' என்று அவர் பார்க்கிறார். குப்பை என்று தோன்றினால் தனிக்கூடையில் போட்டுவிடுவார். வாடிக்கைக்காரர் கண்ணில் படவே படாது.

2024 பிப்ரவரி முதல் கூகுள், யாஹூ கம்பெனிகள் கண்டிப்பான விதிகளைக் கொண்டுவந்தன. ஜி-மெயில் விலாசங்களுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்கள், கடிதத்தை நிறுத்த ஒரே அமுக்கில் வழி வைக்க வேண்டும். 'இது ஸ்பாம்' என்று புகார் செய்கிறவர்கள் ஆயிரத்துக்கு 3 பேரை எட்டக்கூடாது. எட்டினால், அந்தக் கடைக்காரரின் நல்ல கடிதங்களும் குப்பைக் கூடைக்குப் போகலாம்!

விலாசம் வாங்காதீர்கள் என்று நான் சொன்னது நியாயத்துக்காக மட்டும் அல்ல. அதில் நஷ்டமும் இருக்கிறது.

"நமக்கு ஐயாயிரம் ஏது? 200 பேர்தானே!" என்று அண்ணாச்சி கேட்கலாம். அவருக்கும் ஒரு விதி உண்டு. கடிதத்தை உண்மையிலேயே அவர்தான் அனுப்பினார் என்பதற்கு முத்திரை வேண்டும். எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று அந்த முத்திரைகளுக்குப் பெயர். பெயரைக் கண்டு பயப்படாதீர்கள். கடிதத்தின் மேல் அரக்கு வைத்துச் சீல் போடுவது மாதிரிதான். கடையின் பெயரில் சொந்தமாக ஒரு இண்டர்நெட் விலாசம் வாங்கிக்கொண்டு, "இந்த மூன்றும் போட்டாயிற்றா?" என்று கம்பெனிக்காரரிடம் கேளுங்கள். அவர் செய்து தருவார்.

கடிதம் அனுப்பவென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2001-ல் தொடங்கிய மெயில்சிம்ப் ஒன்று. நம் சென்னையில் வளர்ந்த ஜோஹோவும் இந்த வேலையைச் செய்கிறது. சிறிய பட்டியலுக்குப் பணம் வாங்காத கம்பெனிகளும் உண்டு.

சொந்த ஜி-மெயிலில் இருந்தே எல்லோருக்கும் அனுப்பலாமே என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 200 விலாசங்களையும் மேலே வரிசையாகப் போட்டு அனுப்பினால், ஒருவர் விலாசம் மற்ற 199 பேருக்கும் தெரிந்துவிடும்! நம்பிக் கொடுத்த சாவியைத் தெருவில் போட்ட மாதிரி ஆகும்.

எப்படி எழுதுவது?

பலர் எழுதும் கடிதம் இப்படி இருக்கிறது:

"பிரமாண்டத் தள்ளுபடி! உலகத் தரம்! நம்பர் ஒன்! உடனே வாங்குங்கள்! முந்துங்கள்!"

இதில் ஒரு செய்தியாவது இருக்கிறதா? இல்லை. சத்தம்தான் இருக்கிறது.

அண்ணாச்சிக்கு ஒரு மகள். பட்டப்படிப்பு முடித்தவள். அவள் எழுதுகிறாள். தலைப்பு: "தீபாவளி மிட்டாய்: ஆர்டர் சொல்ல இன்னும் 10 நாள்."

"வணக்கம். போன தடவை எங்கள் கடையில் மிட்டாய் வாங்கினீர்கள். மிக்க நன்றி. புதுக்கடலை வந்துவிட்டது. தீபாவளிக்கு வீட்டுக்கே பார்சல் அனுப்புகிறோம். மும்பைக்கு வந்து சேர நாலைந்து நாள் ஆகும். ஆகவே, 10 நாளுக்குள் சொல்லிவிடுங்கள். வெல்லம் விலை ஏறிவிட்டதால், கிலோவுக்கு 10 ரூபாய் கூட்டியிருக்கிறோம். வேண்டும் என்றால், இந்தக் கடிதத்துக்கே பதில் எழுதுங்கள். இனிமேல் கடிதம் வேண்டாம் என்றால், கீழே ஒரு தடவை தொட்டால் போதும்."

மகளுக்கு ஒரு சந்தேகம். "விலை கூடினதை எழுதணுமாப்பா?" என்று கேட்கிறாள்.

"எழுதும்மா. அப்புறமாத் தெரிஞ்சு அவங்க வருத்தப்படுறதைவிட, நாமளே சொல்லிடுறது நல்லது" என்கிறார் அண்ணாச்சி.

இதுதான் வியாபாரம்!

கடிதத்தைப் பாருங்கள். தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது. பொய் இல்லை. ஒரே ஒரு சேதிதான் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. தபால் கார்டில் அடங்கும் அளவுதான். செல்போனில் படிக்கிறவர் அதற்கு மேல் படிக்கமாட்டார்.

கடிதம் கடையின் பெயரில் போக வேண்டும். பதில் எழுத இடம் இருக்க வேண்டும். பதில் வந்தால், அன்றைக்கே பார்த்து எழுத வேண்டும். "பதில் எழுதாதே" என்று சொல்லும் விலாசத்தில் இருந்து கடிதம் அனுப்புவது, பேசிவிட்டுக் கதவைச் சாத்துவது மாதிரி!

எல்லோருக்கும் ஒரே கடிதம் வேண்டாம். மொத்தமாக வாங்கும் கடைக்காரருக்கு ஒரு கடிதம். வீட்டுக்கு வாங்குகிறவருக்கு ஒரு கடிதம். கோவில்பட்டியிலேயே இருக்கிறவருக்குப் பார்சல் கடிதம் எதற்கு? கூறைப் புடவைக் கார்டை அந்த ஜவுளிக்கடைக்காரர் ஊருக்கெல்லாம் எழுதவில்லை. கல்யாண வீட்டுக்கு எழுதினார்!

எழுத விஷயம் இல்லாத மாதத்தில் எழுத வேண்டாம். சும்மா வரும் விருந்தாளியை யாருக்கும் பிடிக்காது.

எதை எண்ணுவது?

கடிதத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்று கம்பெனிகள் கணக்குக் காட்டும். அதை நம்பி மகிழ்ந்துவிடாதீர்கள். 2021-ம் ஆண்டு ஆப்பிள் கம்பெனி தன் போன்களில் ஒரு மாறுதல் செய்தது. அந்த ஏற்பாட்டை வைத்திருப்பவர் கடிதத்தைத் திறக்காவிட்டாலும், திறந்த மாதிரி கணக்கில் வந்துவிடும்.

ஆகவே, எண்ண வேண்டியது வேறு. எத்தனை பேர் பதில் எழுதினார்கள்? எத்தனை பேர் ஆர்டர் சொன்னார்கள்? எத்தனை பேர் நிறுத்தச் சொன்னார்கள்? இந்த மூன்றையும் நோட்டில் குறியுங்கள். நிறுத்தச் சொல்கிறவர்கள் கூடிக்கொண்டே போனால், தப்பு உங்கள் கடிதத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

200 பேருக்கு எழுதி, 10 பேர் ஆளுக்கு 2 கிலோ கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ ஆயிற்று. பெரிய கம்பெனிக்கு அது தூசு. அண்ணாச்சிக்கு அது ஒரு நாள் வியாபாரம். அதுவும், கடையைத் தேடி யாரும் வராத மழை நாளில்!

போகிறவருக்கு வழி விடுங்கள்

கடிதம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், உடனே நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. பத்து இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லக்கூடாது.

இது மரியாதை. சட்டமும் அதையே சொல்கிறது. நம் நாட்டில் 2023-ம் ஆண்டு தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. ஒருவர் விவரத்தை எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற வேண்டும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். இதுதான் அதன் சாரம்.

அமெரிக்காவில் இருப்பவருக்கு எழுதினால், அந்த நாட்டின் 2003-ம் ஆண்டுச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். கடையின் தபால் விலாசம் கடிதத்தில் இருக்க வேண்டும். நிறுத்தச் சொன்னால், 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும்.

நிறுத்தச் சொன்னவர் எதிரி ஆகிவிடவில்லை. கடிதம்தான் வேண்டாம் என்றார். கடை வேண்டாம் என்று சொல்லவில்லை. மரியாதையாக விட்டால், அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நேரில் வருவார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கடிதம் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை.

பில் போடும்போது விலாசம் கேட்டால், "எதற்கு?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வேண்டாம் என்று சொல்வதும் உங்கள் உரிமை.

நல்ல கடைக்காரர் கடிதத்தில் உங்கள் பாங்குக் கணக்கின் ரகசிய எண்ணைக் கேட்கமாட்டார். போனில் வரும் ஓ.டி.பி. எண்ணையும் கேட்கமாட்டார். "பரிசு விழுந்திருக்கிறது. இங்கே தொடுங்கள்" என்று கடிதம் வந்தால், தொடாதீர்கள். கடைக்குப் போன் செய்து விசாரியுங்கள்.

நம்பிக்கையான கடிதம் வந்தால், படியுங்கள். பிடித்திருந்தால் இரண்டு வரி பதில் எழுதுங்கள். "மிட்டாய் நன்றாக இருந்தது" என்று ஒரு வரி வந்தால், அண்ணாச்சிக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருக்கும்!

கடைசியாக...

பெரிய கம்பெனிகள் கோடி ரூபாய் செலவு செய்து விளம்பரம் செய்கின்றன. சிறு கடைக்காரரால் அது முடியாது. ஆனால், பெரிய கம்பெனியால் முடியாத ஒன்று சிறு கடைக்காரரால் முடியும். வாடிக்கைக்காரரின் முகம் அவருக்குத் தெரியும். அவர் பிள்ளைக்கு எந்த மிட்டாய் பிடிக்கும் என்பதும் தெரியும்.

அந்த ஞாபகம்தான் சிறு கடையின் முதல். அதைக் கடிதத்தில் போடுங்கள். கேட்டவருக்கு எழுதுங்கள். உண்மையை எழுதுங்கள். அளவாக எழுதுங்கள். போதும் என்றால் நிறுத்துங்கள்.

என் தாத்தா ஒரு கடைக்காரரின் கார்டைப் பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருந்தார். சட்டைக் கடைக்காரரின் முப்பது கடிதங்களை நான் படிக்காமலே அழித்தேன்.

உங்கள் கடிதம் எங்கே போக வேண்டும்? பெட்டிக்குள்ளா, குப்பைக்குள்ளா? அது உங்கள் கையில்தான் இருக்கிறது!